120/80 – ஓர் அளவின் சரித்திரம்

நம் அங்கத்தினர்கள் நாலு பேர் கூடினால், க்ஷேமம் விசாரித்து முடிப்பதற்குள் "பி.பி. எவ்வளவு இருக்கு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. 120/80 என்று சரளமாகச் சொல்கிறோம். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? அந்தச் சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் டாக்டர் அல்ல, ஒரு பாதிரியார். இங்கிலாந்தில் டெடிங்டன் என்ற ஊரில் இருந்த ஸ்டீஃபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி, இதயத் துடிப்புக்கு ஏற்றபடி அசைந்தது. 1733-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்.

1828-ல் பிரான்சின் புவாசெய், தண்ணீரைவிட 13 மடங்குக்கும் மேல் கனமான பாதரசத்தைக் கொண்டு அளந்தார். 8 அடி உயரம் சாண் அளவுக்கு இறங்கிவிட்டது. 120 என்றால் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அழுத்தம். மின்னணுக் கருவிகளில் பாதரசம் இல்லை; ஆனாலும் அளவு அதேதான்.

1896-ல் இத்தாலியின் ரீவா ரோச்சி, கையில் ரப்பர் பட்டை கட்டிக் காற்றடித்து, தமனியைக் குத்தாமலே அளக்க வழி செய்தார். ஆனால் அதில் மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905-ல் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை இறக்கும்போது முதலில் கேட்கும் ஓசை மேல் எண். ஓசை மறையும் இடம் கீழ் எண். ஒரு பக்கத்துக்கும் குறைவான அவருடைய அறிக்கைதான் 120/80-க்கு இரண்டாவது பாதியைக் கொடுத்தது.

அளக்கத் தெரிந்ததே தவிர, அர்த்தம் புரியவில்லை. வயதானால் அழுத்தம் ஏறுவது இயற்கை என்றே பல டாக்டர்கள் நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108. 1945 ஏப்ரல் 12 அன்று கடுமையான தலைவலி என்று சொல்லி மயங்கியபோது 300/190. மூளையில் ரத்தக் கசிவால் அன்றே காலமானார். வயது 63. உலகத்தின் உயர்ந்த வைத்திய வசதி இருந்தும், அன்று கொடுக்க நல்ல மருந்து இல்லை.

1948-ல் அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரை வருஷக்கணக்காகக் கவனிக்கும் ஆராய்ச்சி தொடங்கியது. உயர் அழுத்தம் வயதின் அடையாளம் அல்ல. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணம் என்று அது நிரூபித்தது. அதே சமயம் நம் தேசமும் பங்களித்தது. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், நம் வைத்தியத்தில் பழகிய சர்ப்பகந்தா வேரை 50 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பலனை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் எழுதினார். அந்த மூலிகையிலிருந்து 1952-ல் பிரித்தெடுத்த ரிசர்பின், முதல் நல்ல மாத்திரைகளில் ஒன்று. பக்க விளைவுகளால் இன்று அது அபூர்வம். யாரும் தாமாக முயல வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும், "வயசோட நூறைக் கூட்டிக்கோங்கோ, அவ்வளவுதான் மாமா" என்பவர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் தனியே. தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் காட்டாமலே அழுத்தம் ஏறலாம் என்பதால், அளந்தால்தான் தெரியும்.

வீட்டில் அளக்கும்போது சில நியமங்கள்: காபி குடித்து அரை மணி ஆகியிருக்கட்டும். சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். கால் மேல் கால் வேண்டாம், பேச்சும் வேண்டாம். சட்டைக் கையின் மேல் கட்டாமல், கையை மேஜையில் இதய உயரத்துக்கு வையுங்கள். காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரு தடவை எடுத்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாள் எண் ஏறினால் பதற வேண்டாம். வீட்டில் சராசரி 135/85-ஐ எட்டினால் டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள். ஆனால் 180/120-ஐத் தாண்டி, மார்வலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். எண் இறங்கிவிட்டதென்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள்; அது இறங்கியதே மாத்திரையால்தான்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் தெருக்கோடி மருந்துக் கடையில் கிடைக்கிறது. அளந்து பார்ப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.