மனு எழுதியவர் வக்கீலான சீமை

திருச்சுழிக்கு வருகிறவர்கள் திருமேனிநாதரைத் தரிசித்துவிட்டு, ரமண மகரிஷி பிறந்த வீடான சுந்தர மந்திரத்துக்குப் போவார்கள். மகனைக் கும்பிட வந்த கூட்டத்தில் அப்பாவைப் பற்றி விசாரிக்கிறவர் குறைவு. அருப்புக்கோட்டையில் சிவில் வழக்கு நடத்திப் பிழைக்கும் எனக்கோ அந்த அப்பாதான் ஆள்.

ரமணரின் அப்பா சுந்தரமய்யர் பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்குப்பிள்ளையிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 2 ரூபாய். சில வருஷம் கழித்து மனு எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு சன்னது என்ற வக்கீல் உரிமம் இல்லாமலேயே உள்ளூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்காட அனுமதி வாங்கினார். கோர்ட்டின் அனுமதி இருந்தால் அப்படி ஆஜராக அன்றைக்கு வழி இருந்தது. வழிப்பறிக்காரர்கள்கூட அவர் வண்டியை மறிக்க மாட்டார்கள் என்று ரமணரின் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நான் அதை அப்படியே நம்புகிறேன். நாளைக்கு நமக்கு மனு எழுதப்போகிற ஆளிடம் யார் கைவைப்பார்கள்?

அவர் எந்தச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. சென்னைச் சட்டக் கல்லூரி வந்ததே 1891ல். மறு வருஷம் அவர் காலமாகிவிட்டார். மதுரைக்கு அரசு சட்டக் கல்லூரி வர 1974 ஆனது. அதுவரை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வக்கீலுக்குப் படிக்க ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டும். போக முடியாதவர்களுக்கு எழுத்து மேஜைதான் கல்லூரி.

அந்த மேஜைக்கு என்னென்ன வந்திருக்கும்? சுற்றிலும் ராமநாதபுரம் ஜமீன் நிலம். 1865ம் வருஷச் சட்டப்படி ஜமீன் பட்டா கொடுக்க வேண்டும், குடியானவர் பதிலுக்கு முச்சலிக்கா என்ற ஒப்புதல் சீட்டு எழுதித் தர வேண்டும். இந்தப் பரிமாற்றம் நடக்காமல் வாரபாக்கிக்கு வழக்குப் போடுவது கஷ்டம். ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1ல் அமலுக்கு வந்தது. ஆனால் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு தாள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு முன்பே இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் புதிதாகக் கற்றது, மைனர் எழுதிக் கொடுத்தது செல்லாது, மிரட்டி வாங்கிய கையெழுத்து நிற்காது போன்ற சங்கதிகளை எந்தப் பிரிவில் காட்டுவது என்பதைத்தான்.

என் அப்பா பத்திர எழுத்தர். புரோநோட்டு எழுத வருகிறவர்களிடம் அவருக்கு ஒரே சண்டை. மானாவாரி விவசாயி, "மல்லி எடுத்ததும் தர்றேன்னு போடுங்க" என்பார். அப்பா பேனாவை மூடி வைத்துவிடுவார். 1881ம் வருஷ மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி புரோநோட்டில் நிபந்தனை இருக்கக் கூடாது. மழை பெய்து கொத்தமல்லி விளைந்தால்தான் பணம் என்று எழுதினால் அது புரோநோட்டே இல்லை, வெறும் ஒப்பந்தம். "தாங்களாவது தங்கள் உத்தரவு பெற்றவர்களாவது கேட்கும்போது" என்றுதான் எழுதியாக வேண்டும். வானம் பார்த்த பூமியில் இதைவிடக் கொடுமையான வாசகம் கிடையாது. மாசியில் வரும் வெள்ளாமையை நம்பி வாங்கிய கடனை ஐப்பசியிலேயே கேட்கலாம். மூன்று வருஷம் முடியப்போகிறது என்றால் கடன் கொடுத்தவர் ஓடிவந்து, பத்து ரூபாயாவது வரவு வைத்துப் பின்பக்கம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அன்றிலிருந்து காலக்கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். ராஜாஜி மந்திரிசபை 1938ல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் பழைய கடன் தீர்ந்தது என்றது. ஒப்பந்தத்தின் புனிதம் போச்சே என்று புலம்பியவர்கள் உண்டு. எனக்கு அந்தப் புலம்பலில் அனுதாபம் இல்லை.

அதே 1938ல் ரமணர் ஆசிரமத்துக்காக ஓர் உயில் எழுதி வைத்தார். கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு கோடு இழுத்தார். எழுதத் தெரிந்தவர் கோடு போட்டால் செல்லுமா என்று ஜூனியர்களை மடக்குவேன். செல்லும். உயிலுக்குக் கையொப்பமோ அடையாளமோ இருந்தால் போதும், சாட்சிகள்தான் முக்கியம்.

1961ம் வருஷ வழக்கறிஞர் சட்டம், மனு எழுதியே கோர்ட்டுக்குள் ஏறும் வழியை அடைத்தது. அடைத்தது சரிதான். அரைகுறை ஆளிடம் மாட்டிக் காணியைத் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் புதுப் படிப்பில் வேறொரு ஓட்டை. சட்டக் கல்லூரியில் சின்னையா எதிர் ராமையா வழக்கைப் படிக்காதவர் இல்லை. 1882 வாக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. தாய் மகளுக்கு நிலத்தைத் தானமாக எழுதிவைத்து, தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் கொடுக்கச் சொன்னார். மகளும் அப்படியே கொடுப்பதாக எழுதித் தந்துவிட்டுப் பிறகு கையை விரித்தார். பிரதிபலன் தாயிடமிருந்து வந்திருந்தாலும் ஒப்பந்தம் செல்லும் என்றது கோர்ட். இதை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்குமால், அதாவது நாற்புற எல்லை, சரியா என்று பார்க்கத் தெரிவதில்லை. அதனால் என்னிடம் வரும் ஜூனியரை முதலில் ஒரு பத்திர எழுத்தரிடம் உட்கார வைத்துவிடுவேன்.

இந்தச் சீமையின் இன்றைய ஒப்பந்தம் கரிமூட்டம். தரிசில் மண்டிய சீமைக்கருவேலை மொத்தமாகப் பேசி வெட்டி மூட்டம் போடுவார்கள். பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். போன கோடையில் ஒரு வியாபாரி வந்தார்.

"வக்கீலம்மா, எட்டு வருசத்துக்கு வெட்டிக்கிற மாதிரி ஸ்டாம்பு பத்திரத்துல எழுதிருங்க."

"அண்ணாச்சி, எட்டு வருசத்துல மரம் எத்தனை தடவை தழைக்கும்?"

"அதுக்குத்தானம்மா எட்டு வருசம் கேக்குறேன்."

சிக்கலே அதில்தான். 1958ல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. சீக்கிரம் வெட்டி எடுக்கப்போகிற மரம் அசையும் சொத்தாகலாம். மண்ணில் நின்று வளர விட்டு வருஷக்கணக்கில் வெட்டும் உரிமை நிலத்தோடு சேர்ந்தது, பதிவு செய்தே ஆக வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் மரம் வெட்டிக்கொள்ளும்படி கணவர் எழுதிக் கொடுத்த தாள் பதிவாகாததால் சாந்தாபாய்க்கு உதவவில்லை. அண்ணாச்சிக்குப் பதிவுச் செலவு பிடிக்கவில்லை. கடைசியில் ஒரே வெட்டு, ஆறு மாசம், நான்குமால் இன்னது என்று எழுதினோம். அதை எழுதக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தூர் யாருக்கு என்று பேசி முடிக்கத்தான் மதியச் சாப்பாடு தாண்டிவிட்டது. மரத்தைவிடத் தூர்க்கட்டைக் கரி கனம், விலையும் கூட. நிலத்துக்காரர் அதை விடுவதாக இல்லை.