மாணவரைத் தொழில்முனைவோராக்கிய பேராசிரியர்

பட்டம் பெற்ற மாணவன் முதலில் தேடுவது வேலை. தானே ஒரு தொழிலைத் தொடங்கிப் பிறருக்கு வேலை அளிக்கலாம் என்னும் எண்ணம் அவனுக்கு எளிதில் தோன்றுவதில்லை. பல வேளைகளில் இதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. அவ்வாறு செய்து காட்டிய ஒருவரை அவன் அருகிலிருந்து பார்த்ததில்லை என்பதே. இதற்குச் சான்றாக அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை இங்கே காண்போம்.

பிரெடெரிக் டெர்மன் 1900-ஆம் ஆண்டு பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் வானெவர் புஷ் என்னும் அறிஞரிடம் ஆய்வு செய்து 1924-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியப் பணியும் காத்திருந்தது. ஆனால் விடுமுறைக்குக் கலிபோர்னியா வந்தவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. நீண்ட நாள் படுக்கையில் கிடந்து எழுந்தவர், கிழக்கே திரும்பாமல் ஸ்டான்ஃபோர்டிலேயே 1925 முதல் வானொலிப் பொறியியல் கற்பிக்கத் தொடங்கினார்.

அவருக்கு ஒரு கவலை இருந்தது. தாம் பயிற்றுவித்த சிறந்த மாணவர்கள் வேலை தேடிக் கிழக்கு மாநிலங்களுக்குச் சென்றுவிடுகிறார்கள், ஊர் வளரவில்லை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அந்த வேலைகளும் அரிதாயின. இந்நிலையில் அவர் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்றார். சார்லஸ் லிட்டனின் பட்டறை, தொலைக்காட்சி ஆய்வில் ஈடுபட்டிருந்த ஃபிலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் ஆய்வகம் போன்றவற்றை நேரில் காட்டினார். இத்தகைய நிறுவனங்களைத் தொடங்கியவர்களுள் பலர் உயர்கல்வி பெறாதவர்கள் என்பதையும் எடுத்துரைத்தார். அவர்களால் இயலுமெனில் பொறியியல் கற்ற நம்மால் இயலாதா என்ற கேள்வி மாணவர் நெஞ்சில் எழுந்தது.

அம்மாணவருள் இருவர் வில்லியம் ஹியூலெட்டும் டேவிட் பேக்கார்டும். 1934-இல் பட்டம் பெற்றபின் பேக்கார்டு கிழக்கே ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலையில் சேர்ந்தார். டெர்மன் அவரை மறந்துவிடவில்லை. 500 டாலர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து 1938-இல் திரும்ப வரவழைத்தார். பேக்கார்டும் வேலையை உதறிவிட்டு வரவில்லை. விடுப்புப் பெற்றே வந்தார். அவர் மனைவி லூசில் பல்கலைக்கழக அலுவலகத்தில் பணியாற்றிக் குடும்பச் செலவைத் தாங்கினார்.

1939-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், 538 டாலர் முதலீட்டில், பாலோ ஆல்ட்டோ நகரில் வாடகை வீட்டின் கார் கொட்டகையில் ‘ஹியூலெட்-பேக்கார்டு’ பிறந்தது. அதன் முதற்பொருள், டெர்மனின் வழிகாட்டலில் ஹியூலெட் செய்த ஆய்வின் பயனாகிய ஒலி அலையியற்றிக் கருவி. அதன் அலைவீச்சைச் சீராக வைக்க ஒரு சாதாரண மின்விளக்குக் குமிழே பயன்பட்டது. எனவே விலையும் குறைந்தது. வாங்கக்கூடியவர்களின் பட்டியலையும் ஆசிரியரே அளித்தார். வால்ட் டிஸ்னி நிறுவனம், 1940-இல் வெளிவந்த ‘ஃபான்டேசியா’ திரைப்படப் பணிக்காக எட்டுக் கருவிகளை வாங்கியது. முதலாண்டு விற்பனை 5,369 டாலர். இலாபம் 1,563 டாலர்.

இவ்வாறு தோன்றிய சங்கிலி அத்துடன் நிற்கவில்லை. ஸ்டீவ் ஜாப்ஸ் தம் 12-ஆம் வயதில் ஹியூலெட்டைத் தொலைபேசியில் அழைத்து உதிரிப் பாகங்கள் கேட்டதையும், அவர் அவற்றை அளித்ததோடு கோடைகால வேலையும் தந்ததையும் பின்னாளில் கூறியுள்ளார். அந்தச் சிறுவனே 1976-இல் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியோருள் ஒருவன். பாலோ ஆல்ட்டோவின் கார் கொட்டகை ‘சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம்’ என்று கலிபோர்னியாவின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியின் வளர்ச்சிக்கு டெர்மன் ஒருவரே காரணமென்று கூறுவது மிகையாகும். பாதுகாப்புத் துறையின் பெரும் கொள்முதல்களும் துணைநின்றன. எனினும் வாய்ப்பு வந்தபோது அதனைப் பற்றிக்கொள்ள ஆயத்தமான இளைஞர்கள் அங்கே இருந்தனர் அல்லவா? அவர்களை ஆயத்தப்படுத்தியதில் அவர் பங்கு பெரிது. மாணவர் இருவரும் நன்றி மறக்கவில்லை. அவர்களது நன்கொடையில் எழுந்த பொறியியல் கட்டடம் 1977-இல் ஆசிரியர் பெயரால் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. அவர் காட்டிய வழி நிலைத்தது.

டெர்மன் செய்தவை மூன்று. தொழில் செய்வோரைக் கண்முன் காட்டினார், முதலடி எடுத்து வைக்கும் காலத்துக்குச் சிறு பொருளுதவி பெற்றுத் தந்தார், வாங்குவோரை அறிமுகப்படுத்தினார். இம்மூன்றுக்கும் பெருஞ்செல்வம் தேவைப்படவில்லை. அக்கறையும் நேரமுமே தேவைப்பட்டன.

நம் ஜமாஅத்தில் கடை நடத்துவோரும் பட்டறை வைத்திருப்போரும் உள்ளனர். கல்லூரியில் பயிலும் பிள்ளைகளும் உள்ளனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் காண்பது பெரும்பாலும் தொழுகை வரிசையில்தான். விடுமுறையில் ஒரு மாணவனைத் தம்மருகே அமர்த்தி, கொள்முதல் எப்படி, கணக்கு எப்படி, நட்டம் வந்தபோது மீண்டது எப்படி என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தால், அவன் எதிர்காலத்தைப் பார்க்கும் பார்வையே மாறும். வேலைக்குச் செல்வது குறையன்று. ஆனால் வேறு வழியும் உண்டென்று அறியாமல் செல்வது குறையே. அக்குறையைப் போக்குவது மூத்தோராகிய நம் கடமை.