தாயின் மேல் விழுந்த பழி

அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அவ்வூர் வக்கீல் ஒருவர் 1938-ல் பால்டிமோர் நகரத்து டாக்டர் ஒருவருக்கு 33 பக்கங்களில் ஒரு கடிதம் அனுப்பினார். வக்கீல் அல்லவா, ஒரு விவரத்தையும் விடவில்லை! அவருடைய மகன் டொனால்டு தகப்பனார் வீடு திரும்பினாலும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தாயாரைத் தேடி அழுவதில்லை. தட்டு, சட்டி எது கிடைத்தாலும் பம்பரமாகச் சுற்றிவிட்டுக் குதூகலிப்பான். ஆனால் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தை மழலை மாறாத வயதிலேயே ஒப்பித்தவன். (பிற்காலத்தில் இவர் சொந்த ஊர் பாங்கியில் உத்தியோகம் பார்த்தார், கார் ஓட்டினார், தனியாகவே பல தேசங்கள் சுற்றினார், 2023-ல் 89-வது வயதில் காலமானார்.)

கடிதம் பெற்ற டாக்டர் லியோ கானர், டொனால்டையும் அவனைப் போன்ற வேறு 10 குழந்தைகளையும் பற்றி 1943-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதற்கு அதுதான் வித்து. பிறவியிலேயே இக்குறையுடன் வந்தவர்கள் என்றே இவர்களைக் கொள்ள வேண்டும் என்று கட்டுரையை முடித்தார். அதற்குச் சற்று முன்னால், இவர்களைப் பெற்றவர்களில் மனக்கனிவு உள்ளவர் வெகு சிலரே என்றும் ஒரு வார்த்தை போட்டுவைத்தார்.

உலகம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. கதை எழுதுகிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கருவில் நேர்ந்த குறையை வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயம் நகர்த்துவது கஷ்டம். பாசமற்ற தாய் என்றால் பத்து அத்தியாயம் தானே ஓடும். கானரே பிற்பாடு பெற்றோரின் குளிர்ந்த நெஞ்சைப் பற்றி அழுத்தமாகப் பேசலானார். 'ரெப்ரிஜிரேட்டர் தாய்' என்று ஒரு பட்டமே பிறந்தது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய புத்தகத்தில் இந்தக் குழந்தைகளை நாஜி முகாம்களின் கைதிகளோடு ஒப்பிட்டார். அந்த முகாம்களில் தாமே அடைபட்டுக் கிடந்தவர் அவர். அப்படியானால் காவலாளி யார்? பெற்றவள்தான்! அவர் பட்ட துன்பத்துக்கு என் மனம் இரங்குகிறது. இந்த ஒப்புமையை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை. குழந்தை தன்னைப் பார்க்காத துக்கம் ஒரு பக்கம். என்றைக்கு, எந்த வேளையில் நாம் முகங்கொடுக்காமல் இருந்துவிட்டோம் என்று இரவெல்லாம் நினைத்து நினைத்து மாய்வது இன்னொரு பக்கம். எத்தனை தாய்மார் இப்படி வெந்தார்களோ!

அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ நிபுணராக இருந்த பெர்னார்டு ரிம்லண்ட் 1964-ல் இதை எதிர்த்துப் புத்தகம் எழுதினார். அவருடைய மகனுக்கும் இதே நிலைமை. முன்னுரை தந்தவர் கானர்! 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில், உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருள்படவும் கானர் பேசினார். பழிக்கு வித்திட்டவரே தீர்ப்பும் சொன்னார்.

தீர்ப்பு வந்தது, சாட்சி வரவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் உடன்பிறந்தாரில் 100-க்கு 2 பேருக்கே அது இருந்தது. ஆகவே பரம்பரைக்கு இதில் இடமில்லை என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அக்காலக் கணக்குப்படி பொதுவில் 10,000-க்கு 4 பேருக்குத்தான் இருந்தது. அதோடு ஒப்பிட்டால் 100-க்கு 2 என்பது 50 மடங்கு அல்லவா?

சூஸன் போல்ஸ்டீனும் லண்டன் டாக்டர் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் தேடி 21 ஜோடி இரட்டையரைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது ஆட்டிசம் உண்டு. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே இருந்தது. தனித்தனிக் கருவாக உண்டான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. முடிவு 1977-ல் வெளிவந்தது. எந்த ஜோடியானாலும் இருவரும் ஒரே மடியில் வளர்ந்தவர்கள். தாயின் குளிர்ச்சிதான் காரணமென்றால் இரண்டு வகைக்கும் கணக்கு ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். 21 சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் பின்னால் நடந்த பெரிய ஆராய்ச்சிகள் அதையே உறுதி செய்தன.

காரணமான மரபணு ஒன்றல்ல. 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி மட்டுமே 102 மரபணுக்களை எண்ணிக் காட்டியது. பெற்றோரிடமிருந்து வருபவையும் உண்டு. சில குழந்தைகளிடமோ, காரணமான மாறுதல் தாயின் ரத்தத்திலும் இல்லை, தகப்பனின் ரத்தத்திலும் இல்லை. கரு உருவாகும் வேளையில் புதிதாக நேர்ந்த எழுத்துப்பிழை அது.