பேசத் தெரிந்தும் பேசாத படம்

தமிழ் சினிமா வாய் திறந்தது 1931ஆம் ஆண்டில். அந்த அக்டோபர் மாதக் கடைசியில் 'காளிதாஸ்' வெளியானது. திரையில் உருவங்கள் பேசுவதையும் பாடுவதையும் கேட்க மக்கள் திரண்டார்கள். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' வெளியானது. ஹாலிவுட் முழுவதும் பேசும் படங்களுக்கு மாறிவிட்ட பிறகும் சாப்ளின் வசனத்தைச் சேர்க்க மறுத்தார். அவருடைய நாடோடி ஆங்கிலம் பேசிவிட்டால் ஆங்கிலேயர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் மட்டும் சொந்தமாகிவிடுவான். பேசாதவரை அவன் உலகத்துக்கே உறவுக்காரன்!

நம் சினிமா வேறு பாதையில் போனது. நாடக மேடையிலிருந்து வந்த வசனம் திரையிலும் அரியணை ஏறியது. 1952இல் வந்த 'பராசக்தி'யின் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஒரு தலைமுறையே உருவானது.

அப்படிப்பட்ட சினிமா உலகில், 1987ஆம் ஆண்டு இயக்குநர் சிங்கீதம் சீனிவாசராவ் ஒரு காரியம் செய்தார். வசனமே இல்லாமல் ஒரு முழுநீள நகைச்சுவைப் படம் எடுத்தார். கமல்ஹாசன், அமலா, டினு ஆனந்த் நடித்தார்கள். எல்.வைத்தியநாதன் இசை. பெங்களூர் நகரம்தான் களம். கன்னடத்தில் 'புஷ்பக விமானா', இந்தியில் 'புஷ்பக்'. தமிழில் வைத்த பெயர்தான் வேடிக்கை: 'பேசும் படம்'!

கதை என்ன? படித்துவிட்டு வேலை தேடும் ஓர் இளைஞன். நெரிசலான லாட்ஜில் ஓர் அறை. ஒருநாள் இரவு, குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடக்கும் பணக்காரர் ஒருவரைப் பார்க்கிறான். அவரிடம் ஐந்து நட்சத்திர விடுதியின் அறைச் சாவி. அவரைத் தன் அறையில் கட்டிப் போட்டுவிட்டு, விடுதியில் அவர் இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறான். அங்கே ஒரு மந்திரவாதியின் மகளோடு காதல் மலர்கிறது. பணக்காரரைக் கொல்ல வந்தவனோ, ஆள் மாறியது தெரியாமல் பனிக்கட்டிக் கத்தியோடு இவனைத் துரத்துகிறான்.

'சிட்டி லைட்ஸ்' படத்திலும் ஒரு குடிகாரக் கோடீஸ்வரர் உண்டு. போதையில் இருக்கும்போது நாடோடியைக் கட்டித் தழுவுவார். போதை தெளிந்தால் விரட்டிவிடுவார். ஆனால் சாப்ளினின் நாடோடி பணக்காரன் வேடம் போட்டுத் திட்டம் தீட்டியவன் அல்ல. பெங்களூர் இளைஞன் திட்டம் போட்டுத்தான் இடம் மாறுகிறான். சிரித்துக்கொண்டே பார்க்கும் நமக்கு, அவன் செய்வது குற்றம் என்பதே சற்று நேரம் மறந்துபோகிறது.

வசனம் இல்லை என்பதால் இது ஊமைப்படம் ஆகிவிடாது. நகரத்தின் அத்தனை ஓசையும் கேட்கிறது. விடுதியின் மெத்தையில் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அமைதி அவனுக்குப் பழக்கமில்லை! தன் பழைய அறைப் பக்கத்து சினிமாக் கொட்டகையின் இரைச்சலை டேப்பில் பதிவு செய்து வந்து, அதைப் போட்டுக் கேட்டபடி தூங்குகிறான். ஏழ்மை ஒரு மனிதனின் காதுக்குள் எவ்வளவு ஆழமாகக் குடியேறிவிடுகிறது என்பதை எந்த வசனகர்த்தா இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியும்?

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு அந்த இளைஞன் அந்நியன் அல்ல. படம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான், 1985இல், மலேசியப் பொருளாதாரம் சரிந்தது. வேலைவாய்ப்பு சுருங்கியது. அதே 1980களில், தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் வழிவிட்டுக்கொண்டிருந்தன. லயத்து வீட்டை விட்டு வந்த பிள்ளைகள், கையில் சான்றிதழோடு பட்டணத்தில் வாடகை அறை தேடினார்கள். தோட்டத்தில் எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பட்டணத்தில் பேசக்கூட ஆள் கிடையாது. பெங்களூர் லாட்ஜில் வாழ்ந்தவனின் மௌனமும் அதே மௌனம்தான்.

படம் பொய்யான ஆறுதல் எதையும் தரவில்லை. இளைஞன் பணக்காரரை விடுவிக்கிறான். காதலியிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறான். அவள் ஊரை விட்டுப் புறப்படும்போது ரோஜாப்பூவோடு ஒரு துண்டுச் சீட்டைத் தருகிறாள். காற்று அந்தச் சீட்டைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறது. கடைசியில் பூவை மட்டும் வைத்துக்கொண்டு, வேலைக்கான நீண்ட வரிசையில் போய் நிற்கிறான். அடுத்தவன் அறைக்குள் நுழைந்தவன் திரும்பவும் தன் இடத்துக்கே வருகிறான், ஆனால் பழைய மனிதனாக அல்ல.

சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. அதைவிடப் பெரிய பெருமை, மொழிமாற்றம் செய்யாமலே அது மாநிலம் விட்டு மாநிலம் போனதுதான்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் பக்கத்து வீட்டில் மலாய்க்காரர் இருப்பார், எதிர்வீட்டில் சீனர் இருப்பார். நம் படங்களை அவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டுமானால் கீழே எழுத்து ஓட வேண்டும். இந்தப் படத்துக்கு அது தேவையில்லை. ஒரு விடுமுறை நாளில் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். அந்தக் கடைசி வரிசையைப் பார்க்கும்போது, எல்லாரும் ஒரே நேரத்தில் மௌனமாவார்கள்.