வேம்பும் சான்றும்: ‘ஏற்கெனவே தெரிந்தது’ என்பதற்கு ஒரு வரலாறு

1962ஆம் ஆண்டு பாலைவன வெட்டுக்கிளிகள் டெல்லியின் வயல்களில் இறங்கின. பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் பூச்சியியலாளர் எஸ். பிரதானும் அவருடைய உடனாய்வாளர்களும் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து, நீரில் கலந்து, பயிர்மீது தெளித்திருந்தனர். வெட்டுக்கிளிகள் அப்பயிரில் அமர்ந்தன, ஆனால் தின்னவில்லை. இம்முடிவு அதே ஆண்டில் ‘இந்தியன் ஃபார்மிங்’ இதழில் வெளிவந்தது.

வேம்பு பூச்சியை விலக்கும் என்பது அன்று எவருக்கும் புதிய செய்தியன்று. தானியக் குதிரிலும் துணிப்பெட்டியிலும் உலர்ந்த வேப்பிலையை இட்டுவைத்த தலைமுறைகள் அதை அறிந்திருந்தன. பிரதான் குழுவினர் செய்தது வேறு. எந்தப் பகுதி, எவ்வளவு நீரில், எந்தப் பூச்சியிடம் வேலை செய்கிறது என அவர்கள் அளந்து எழுதினர். அறிந்திருப்பதற்கும் அறிந்திருந்ததை மெய்ப்பிப்பதற்கும் இடையிலான இந்தத் தொலைவே வேம்பின் ஆய்வு வரலாறு முழுவதும் நீள்கிறது.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1942இல், வேதியியலாளர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்து ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அறிவித்தார். நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என அவர் இட்ட பெயர்களில் ‘நிம்ப’ என்னும் வடசொல் நிலைபெற்றது. சர்ப்பகந்தி வேரிலிருந்து முன்னர் தாம் பிரித்த பொருளுக்கு, தம்மை ஆதரித்த யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டவரும் அவரே. அறிவு எங்கிருந்து வந்தது என்பதைப் பெயரிலேயே பதிவுசெய்யும் வழக்கம் அவருக்கு இருந்தது.

வெட்டுக்கிளிகளைத் தடுத்த பொருளின் பெயர் வேறு வழியில் வந்தது. சூடானில் 1959இல் வெட்டுக்கிளிக் கூட்டம் கடந்துபோன பின்னும் வேப்பமரங்கள் மட்டும் பசுமையாக நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த்தும் மோர்கனும் விதையிலிருந்து அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தனர். பூச்சியின் உண்ணும் விருப்பை அழிப்பதோடு, அதன் தோலுரிப்பையும் குலைக்கும் பொருள் அது. அதன் மூலக்கூறு அமைப்பு 1985இல்தான் தெளிவாயிற்று. ஆய்வகத்தில் அதை முழுமையாக ஆக்க 2007 வரை ஆயிற்று. ‘அசாடிராக்டின்’ என்பது லின்னேயஸ் வழங்கிய தாவரவியல் பெயரின் வழியாக வந்த பாரசீகச் சொல்: ‘ஆசாத் திரக்த்’, அதாவது கட்டற்ற மரம்.

அந்தக் கட்டற்ற மரத்தின் மீதுதான் உரிமை கோரப்பட்டது. வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சைகளைக் கட்டுப்படுத்தும் முறைக்காக, டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. மறு ஆண்டே வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மக்டா ஆல்வுட், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகிய மூவரும் எதிர்ப்பு மனு அளித்தனர். மகாராட்டிரத்தைச் சேர்ந்த அபய் பட்கே, 1980களின் நடுப்பகுதியிலேயே வேப்பஞ்சாற்றை அங்குள்ள வயல்களில் சோதித்ததற்குச் சான்றளித்தார். 2000ஆம் ஆண்டு மே மாதம் காப்புரிமை நீக்கப்பட்டது. 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

இவ்வெற்றி பெரும்பாலும் பண்பாட்டு வெற்றியாகவே பேசப்படுகிறது. உண்மையில் அது சான்றின் வெற்றி. ஐரோப்பியச் சட்டம், உலகின் எம்மூலையிலேனும் பொதுவெளியில் பயன்பாட்டில் இருந்ததை முன்னறிவாக ஏற்கிறது. அக்காலத்து அமெரிக்கச் சட்டமோ, அயல்நாட்டில் ஒரு வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்திருந்தாலும், அது அச்சேறியிருந்தாலோ காப்புரிமை பெற்றிருந்தாலோ மட்டுமே கணக்கில் கொண்டது. 2011இன் திருத்தச் சட்டம் வரை இந்நிலை நீடித்தது. அதாவது, ஒரே உழவரின் ஒரே அறிவு ஒரு கண்டத்தில் சான்றாகவும் மறு கண்டத்தில் ஒன்றுமில்லாததாகவும் இருந்தது.

இந்தியா இதற்கு அளித்த விடை மரபறிவு மின்னூலகம். 2001இல் தொடங்கிய இத்திட்டம் ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களின் மருத்துவக் குறிப்புகளைச் சமஸ்கிருதம், அரபி, பாரசீகம், உருது, தமிழ் முதலிய மொழிகளிலிருந்து எடுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் காப்புரிமை ஆய்வாளர்கள் தேடிப் படிக்கும் வடிவில் தருகிறது. பயனுள்ள பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நூல்களிலிருந்தே தொடங்குகிறது. ஏட்டில் ஏறிய அறிவுக்கு அங்கு இடமுண்டு; குதிருக்குள் வேப்பிலை இட்ட கையின் அறிவுக்கு இடமில்லை.

மியூனிக்கில் பட்கேயின் சான்று ஓலைச்சுவடி எதிலும் இருந்ததன்று, வயலிலிருந்து வந்தது. இன்று கிராமங்களில் தாவரப் பயன்பாட்டைக் களஆய்வு செய்யும் மாணவர் குறித்துவைக்கும் ஊர், நாள், செய்முறை, வட்டாரப் பெயர் ஆகியவை வெறும் பின்னிணைப்பு அல்ல. சொன்னவரின் ஒப்புதலோடு வெளியிடப்பட்டால், ‘இது ஏற்கெனவே தெரிந்தது’ என்று நாளை எவரேனும் சொல்ல நேரும்போது அச்சொல்லுக்கு அவையே பிடிமானம்.