பாடியது யார்?

எங்கள் வீட்டுப் பழைய தகரப் பெட்டியில் என் பாட்டனாரின் கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடக்கிறது. மஞ்சள் தடவிய மூலைகளைப் பூச்சி கொஞ்சம் ருசி பார்த்திருக்கிறது. அழைப்பவர் பெயர்கள் எல்லாம் முடிந்த பிறகு, கீழே, இன்ன ஊர் இன்னார் அவர்களின் நாதஸ்வரம், இன்னார் அவர்களின் தவுல் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவரின் பெயரைவிட அந்த எழுத்து பெரிது. பெண் எந்த ஊர், எவ்வளவு நகை என்று விசாரிக்காதவர்கள்கூட, 'மேளம் யார்?' என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி கட்டினார்களாம்.

சென்ற ஆவணியில் எனக்கு வந்த பத்திரிகைகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். மண்டபத்துக்கு எப்படி வருவது என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். விருந்து எத்தனை மணிக்கு என்று இருக்கிறது. வாசிக்கப்போகிறவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

பாடகனுக்கும் வாத்தியக்காரனுக்கும் ஊர் கொடுக்கும் மரியாதை பல ரூபங்களில் வரும். பொன்னாடை, பட்டம், பணம், தங்கத் தோடா என்று. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல்படி பெயர். 'இதைப் பாடியது யார்?' என்று ஒருவர் கேட்டு, மற்றொருவர் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர் நூறு வருஷத்துக்கு மேலாக என்ன பாடு பட்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி, பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காகப் பாட்டுப் பிடித்தார். 'பிடித்தார்' என்றுதான் சொல்லவேண்டும். மைக் கிடையாது, பெரிய புனல் ஒன்று. அதற்குள் தலையை நுழைக்காத குறையாக நின்று, உரத்துப் பாட வேண்டும். மணிக்கணக்கில் விஸ்தாரம் செய்து பழகியவர்கள் மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தைத் தொடங்கி முடித்துவிட வேண்டும். அங்கே வந்து பாடியவர்களில் முதன்மையானவர் கோஹர் ஜான். பாட்டு முடிந்ததும், மூச்சு விடுவதற்குள், தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். அந்தத் தட்டுகளை இன்று கேட்டாலும் கடைசியில் அந்தக் குரல் தெளிவாக விழும்.

அது கர்வமல்ல. மெழுகில் பதித்த பாட்டு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய், அங்கே தட்டாகத் திரும்பி வரவேண்டும். ஹானோவரில் தட்டு அழுத்துகிறவனுக்கு எது யார் பாட்டு என்று எப்படித் தெரியும்? பாடுகிறவரே சொல்லிவிட்டால் குழப்பமில்லை. தொழிற்சாலைக்காரனுக்கு ஏற்பட்ட வசதிதான், ஆனால் அதன் பலன் வேறு மாதிரி ஆயிற்று. அதற்கு முன்னால் பாட்டு வேண்டுமென்றால் பாடுகிறவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அவர் முகம் தெரியும், ஊர் தெரியும், அவருடைய குரு யார் என்பதும் தெரியும். குரல் ஆளைவிட்டுத் தனியே பிரயாணம் செய்தது அப்போதுதான். பிரயாணம் போகிற குரல், போகும் இடத்திலெல்லாம் தன் விலாசத்தைத் தானே சொல்லிக்கொண்டு போயிற்று.

தெற்கிலும் இதே கதைதான். பெரிய வித்துவான்களில் பலர் இந்தப் புனலைக் கண்டு தயங்கி நின்றபோது, துணிந்து முன்வந்தவர்கள் பெண்கள். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று அந்தக் காலத் தட்டுகளின் வட்டக் காகிதத்தில் அச்சான பெயர்கள் பெரும்பாலும் தேவதாசி மரபில் வந்தவர்களுடையவை. கோவிலிலும் சபையிலும் அவர்களுக்கு இருந்த இடம் குறுகிக்கொண்டே வந்த காலம் அது. அந்த நேரத்தில் தட்டுத்தான் அவர்களை முன்பின் பார்த்திராத வீட்டுக் கூடங்களுக்கெல்லாம் அழைத்துப் போயிற்று. சென்னை மியூஸிக் அகாடமி 1928-இல் தோன்றியது. அதன் உயர்ந்த பட்டமான சங்கீத கலாநிதி ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1968-இல், எம். எஸ். சுப்புலக்ஷ்மிக்கு. தட்டில் முதலில் ஒலித்தவர்களின் வரிசைக்கு மேடைப் பட்டம் கடைசியில் வந்து சேர்ந்தது.

பிறகு நாடகம். செங்கோட்டை கிட்டப்பாவின் குரலைப் பற்றிக் கேட்டவர்கள் சொல்லக் கேட்டால் நமக்குப் பொறாமையாகவே இருக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய சாரீரம். 1933-இல், இருபத்தேழு வயதில், போய்விட்டார். அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒதுங்கினார். 'நந்தனார்' படத்தில் நடிக்கும்படி முதலாளி ஒருவர் விடாமல் கேட்டபோது, வந்தவர் திரும்பிப் போகட்டும் என்றுதான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர் திரும்பிப் போகவில்லை. 1935-இல் அந்தப் படம் வந்தது. நந்தனாராக நடித்தவரும் அம்மையாரே. ஒரு பாடகியின் தொண்டைக்கு லட்ச ரூபாய் என்ற பேச்சு அதற்குப் பிறகு வெகுகாலம் ஓயவில்லை. 1958-இல் அவர் சென்னை மேல்சபை உறுப்பினராகவும் ஆனார்.

அந்தக் காலத்துப் பேசும்படத்தில் நடிக்கிறவர்தான் பாடவேண்டும். காமிராவுக்கு முன்னால் அவர் பாட, பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாதபடி மரத்துக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்து வாசிப்பார்கள். ஆகவே பாடத் தெரிந்தவன்தான் கதாநாயகன். தியாகராஜ பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் அப்படி வந்தவர்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944-இல் வெளியாகி, சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. ஊர்ப் பையன்கள் தலைமயிரைப் பின்னுக்குத் தள்ளி அவர் மாதிரி வளர்த்துக்கொண்டு, ஆற்றங்கரையில் அவர் மாதிரி பாடினார்கள். முகம், குரல், பெயர் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்த கடைசிக் காலம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் ஒரு கொலை வழக்கில் கைதாகி, 1947-இல் விடுதலையாகி வந்தார். வெளியே வந்து பார்த்தபோது சினிமா வேறு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. பின்னணிப் பாட்டு வந்துவிட்டது. வசனம் பேசத் தெரிந்தவர்களும் கத்தி சுழற்றத் தெரிந்தவர்களும் நாயகர்கள் ஆனார்கள். பாகவதர் 1959 நவம்பரில் காலமானார்.

அவர் குரலையே பின்பற்றிப் பாடிப் பழகிய மதுரைக்காரர் ஒருவர் இதற்குள் சென்னைக்கு வந்திருந்தார். டி. எம். சௌந்தரராஜன். 1954-இல் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜி கணேசனுக்குப் பாடினார். அதே ஆண்டு 'மலைக்கள்ள'னில் எம். ஜி. ஆருக்கும் பாடினார். ஒரே தொண்டை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது இன்னாருக்கு என்று ரசிகன் சொல்லிவிடுவான். இந்த வித்தைக்குக் கிடைத்த பலனைப் பாருங்கள். என் பெரியப்பா கடைசிவரை 'எம். ஜி. ஆர். பாட்டு' என்றும், 'சிவாஜி பாட்டு' என்றும்தான் சொல்வார். பாடியவர் தம் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தாரோ, அவ்வளவுக்கு மறைந்து போனார். பெரியப்பா நன்றி கெட்டவர் அல்ல. வாயசைத்தவர் முகம் அவர் கண்முன் இருந்தது. பாடியவர் முகம் இல்லை.

பம்பாயில் இது இன்னும் தூரம் போயிற்று. 1949-இல் 'மஹல்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு ஒன்று தேசத்தையே கிறங்க வைத்தது. இசைத்தட்டில் பாடியவர் பெயர் காமினி என்று அச்சடித்திருந்தார்கள். காமினி என்பது படத்தில் வரும் கதாபாத்திரத்தின் பெயர்! ஒரு கற்பனைப் பெண் பாடியதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. கேட்டவர்கள் ஒப்பவில்லை. யார் பாடியது என்று வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிய, நிலையத்தார் கம்பெனியை விசாரித்துப் பெயரைச் சொல்ல நேர்ந்தது. கோஹர் ஜான் தம் பெயரைத் தாமே கூவி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை.

லதா அதை மறக்கவில்லை என்று நினைக்கிறேன். பிலிம்பேர் பரிசுகள் 1954-இல் தொடங்கியபோது இசையமைப்பாளருக்கு உண்டு, பாடியவருக்குக் கிடையாது. 1957-இல் பரிசு பெற்ற பாட்டை விழா மேடையில் பாடும்படி இசையமைப்பாளர் சங்கர் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். பாடியவருக்கும் எழுதியவருக்கும் பரிசு இல்லையென்றால் வாத்தியங்களை மட்டும் வாசித்துக்கொள்ளட்டும் என்பது அவர் வாதம். 1959-இல் பின்னணிப் பாடகருக்கென்று பரிசு ஏற்பட்டது. முதல் பரிசு அவருக்கே. மத்திய சர்க்காருக்கு அந்த யோசனை வர இன்னும் எட்டு ஒன்பது வருஷம் பிடித்தது. பின்னணிப் பாடகிக்கான தேசியப் பரிசை முதன்முதல் வாங்கியவர் நம் பி. சுசீலா, 1968-இல் வந்த 'உயர்ந்த மனிதன்' படப் பாட்டுக்காக. சௌந்தரராஜனுக்கு பத்மஸ்ரீ வந்தது 2003-இல், எண்பது வயதை ஒட்டி. எம். எஸ். விசுவநாதன் 2015-இல் காலமாகும்வரை பத்ம விருது எதுவுமே அவரைத் தேடி வரவில்லை. விருதுகளைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உற்சாகம் இல்லை.

பெயரை மீட்டுக் கொடுத்ததில் வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. அதுவும் எந்த வானொலி? 1952-இல் மத்திய மந்திரி கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். நம் நிலையங்களில் அது அநேகமாக மறைந்தே போயிற்று. ஜனங்கள் ரேடியோவின் முள்ளைக் கொஞ்சம் திருப்பினார்கள், கொழும்பு கிடைத்தது. வேறு வழியில்லாமல் 1957-இல் விவித பாரதி தொடங்கினார்கள். ஆனால் நான் சின்னப் பையனாக இருந்த நாளில்கூட எங்கள் தெருவில் இலங்கை வானொலிக்குத்தான் செல்வாக்கு. அறிவிப்பாளர் படத்தின் பெயர் சொல்வார், எழுதியவர் பெயர் சொல்வார், இசை அமைத்தவர் பெயர் சொல்வார், பாடியவர் பெயரை ஒரு விருந்தாளியை அறிமுகப்படுத்துவது போலச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிக்கு ஜிக்கியும் லீலாவும் பி. பி. ஸ்ரீனிவாஸும் தெரிந்தது அப்படித்தான்.

பின்னால் காஸெட் வந்தது. கடைவீதியில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடையில் துண்டுக் காகிதத்தில் நமக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தால் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். அட்டையில் 'சோகம்-2' என்று பேனாவில் எழுதியிருப்பார்கள். அவ்வளவுதான் விலாசம். அதே காலத்தில், 1976-இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு, சுவரொட்டியில் இசையமைப்பாளரின் முகம் பெரிதாகத் தெரியத் தொடங்கியது. என் தலைமுறை 'எம். ஜி. ஆர். பாட்டு' என்பதை விட்டுவிட்டு 'இளையராஜா பாட்டு' என்று சொல்லக் கற்றுக்கொண்டது. பாட்டின் சொந்தக்காரர் மாறினார். பாடியவர் அப்போதும் இரண்டாவது ஆசனத்தில்தான்.

இதையெல்லாம் சொன்னாலும் என் மனசு போய் நிற்கும் இடம் நாதஸ்வரம். பெயருக்காக அந்த வாத்தியக்காரர்கள் பட்ட பாடு பாடகர்கள் பட்டதைவிட அதிகம். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே, சுவாமிக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் நடந்தபடியே வாசிக்க வேண்டும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை இதை மாற்றினார். கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டுக்கொண்டார், பாட்டுக்காரனுக்கு மேடை போட்டு உட்கார வைப்பதுபோல் எனக்கும் போடு என்றார். சொன்னதைச் செய்யாத இடத்தில் அவர் கோபமும் பிரசித்தம், அவர் தோடியைப் போலவே. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு வாத்தியத்தையே நீளமாக்கி, சுருதியைக் கீழே இறக்கி, உட்கார்ந்து கேட்பதற்குரிய நாதத்தை உண்டாக்கினார். மேடையில் உட்கார்ந்ததும் வாத்தியம் நீண்டதும் ஒரே காரியத்தின் இரண்டு பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. 1940-இல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். 1947 ஆகஸ்டில் தேசம் விடுதலை பெற்ற வேளையில் வானொலியில் அவருடைய நாதஸ்வரம் ஒலித்தது. 1956 டிசம்பரில் மறைந்தார்.

அவர் சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் இழைந்த பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. திரையில் வாத்தியத்தைப் பிடித்திருந்தவர் ஜெமினி கணேசன். ஆனால் யாரும் அதை ஜெமினி வாசித்ததாகச் சொல்வதில்லை. சினிமாவில் ஒரு வாத்தியக்காரரின் பெயர் நிலைத்தது என்றால் அதுதான். இரண்டு வருஷத்தில், நாற்பத்து மூன்று வயதில், அவரும் போய்விட்டார். மற்றபடி சினிமாப் பாட்டுக்கு நடுவே இருபது விநாடி வந்து நம் நெஞ்சைப் பிசைந்துவிட்டுப் போகிற குழலும் ஷெனாயும் யாருடையவை? சில இசையமைப்பாளர்கள் உறையில் அச்சிட்டார்கள். பல பேர் செய்யவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தபோது பாடகன், வாசிப்பவன் என்று ஒரு ஜாதி இருப்பதே அதற்குத் தெரியாது. 1994-இல் தெரிந்தது. 2012-இல் திருத்தியபோது, நிகழ்த்தியவர் இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தார்கள். வருமானத்தில் பங்கும் கொடுத்தார்கள். சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனால் அடுத்தாற்போல் ஒரு விலக்கு. சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றால், பெரும்பாலான காரியங்களுக்கு அவர் நிகழ்த்துகிறவராகவே கருதப்படமாட்டார். கூட்டத்தில் ஒருவனாக நிற்கும் துணை நடிகரை நினைத்து எழுதியிருக்கலாம். எனக்கென்னவோ அந்த 'வழக்கப்படி' என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

வருகிற தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். பத்திரிகையின் மாதிரியை அச்சகத்தில் காட்டினார்கள். மேளக்காரர் பெயரைப் போட வேண்டும் என்றேன். பையன் கணினித் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல அதுக்கு இடம் இல்லையே சார்" என்றான். இடம் பண்ணச் சொல்லிவிட்டு, வித்துவானுக்கு டெலிபோன் செய்தேன். எப்படி அச்சிட வேண்டும் என்று கேட்டதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஊர்ப் பேரும் சேத்துப் போடுவீங்களா சார்?" என்று கேட்டார்.