கிருபாபாய் கேட்ட நீதி

அமெரிக்க நாட்டு அடிமை முறையின் கொடுமையை, 1852-இல் 'டாம் மாமாவின் குடிசை' என்னும் புதினத்தால் உலகறியச் செய்தார் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ். அவரை நாம் அறிவோம்; போற்றுகிறோம். ஆனால், நம் சென்னையில் வாழ்ந்து, அடுக்களை அடிமைத்தனத்தைக் கதையாக்கிய கிருபாபாய் சத்தியநாதனை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

தாம்பரத்திலே சோலை சூழ நிற்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் அங்கே குடியேறியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு, நகருக்குள் அது இயங்கிய நாளில், அக்கல்லூரி இதழில்தான் கிருபாபாயின் 'சகுணா' 1887-88இல் ஆங்கிலத் தொடர்கதையாக வெளிவந்தது.

அவர் பிறந்தது 1862-இல், அகமதுநகரில். பார்ப்பனக் குலத்தை விட்டுக் கிறித்தவரான பெற்றோரின் மகள். இளமையிலேயே தந்தையை இழந்தார். மருத்துவராக வேண்டும் என்பது அவர் வேட்கை. இங்கிலாந்து சென்று பயில உதவித்தொகை கிடைத்தது, உடல்நலம் தடுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1875-இல்; மூன்றே ஆண்டுகளில் அங்கு மாணவியானார் கிருபாபாய். முதலாண்டில் சிறந்து விளங்கினார். மீண்டும் நோய், படிப்பு நின்றது.

படிப்பு நின்றது, பணி நின்றதா? இல்லை! சாமுவேல் சத்தியநாதனை மணந்து உதகையில் வாழ்ந்தபோது, முஸ்லிம் சிறுமியருக்கெனப் பள்ளி தொடங்கினார். நாடி பார்க்க எண்ணிய கை, எழுதுகோல் ஏந்தியது. சமூகத்தின் நாடியைப் பார்த்தது!

'சகுணா' அவர் தம் வாழ்வையொட்டிய கதை. கல்வி வேண்டும் பெண்ணின் குரல் அதிலே ஒலிக்கிறது. 1894-இல் வந்த 'கமலா', குழந்தை மணத்தில் சிக்கி, மாமியார் வீட்டில் மனம் நொந்து, கைம்பெண்ணாகும் ஒருத்தியின் கண்ணீர்க் கதை. அவ்வாண்டே கிருபாபாய் மறைந்தார். வயது 32!

ஒன்றை மறைக்காது சொல்வோம். விரும்பி மணக்க ஒருவன் முன்வந்தும், கமலா மறுமணத்தை மறுத்துத் தொண்டிலே அமைதி காண்கிறாள். வாயில் வரை அழைத்து வந்த ஆசிரியர், வாயிலைத் தாண்ட விடவில்லை. குறைதான், ஆனால் யாருடைய குறை? கைம்பெண் மறுமணத்தைக் கதையிலே காணவும் அஞ்சிய காலத்தின் குறையன்றோ!

அந்த வாயிலைத் திறக்கக் கூட்டுக் குரல் தேவைப்பட்டது. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டில், 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு, கைம்பெண் மறுமணத்தையும் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமையையும் வலியுறுத்தியது. அச்சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. அறுபது ஆண்டுகள்!

சட்டம் வந்தது, மனம் மாறிற்றா? மகளின் படிப்பை நிறுத்தி மணநாள் குறிக்கும் வீடு இன்றும் இருக்கிறதே! இளைஞர்களே, அவ்வீடு உங்கள் தெருவில் இருந்தால் உள்ளே செல்லுங்கள், அப்பெண்ணுக்காக வாதாடுங்கள். கிருபாபாய்க்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னம் அதுவே!